பதினஞ்சு இருபது பேர் நிக்குற அமெரிக்க ப்ரைமரியை எப்படி ஃபாலோ பண்றது? புதுசா பார்க்குறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ப்ரைமரின்னா, அதிபர் தேர்தலுக்கு முன்னாடி தன் கட்சி சார்பா யாரு நிக்கணும்னு ஓட்டர்களே ஓட்டு போட்டு முடிவு பண்றது. 2028 அமெரிக்க அதிபர் தேர்தல்ல ரெண்டு கட்சியிலயும் நாற்காலி காலி. ட்ரம்ப் ரெண்டு தடவை ஜெயிச்சாச்சு, 22வது அரசியல் சட்டத் திருத்தப்படி மூணாவது தடவை தேர்ந்தெடுக்கப்பட முடியாது, டெமாக்ரடிக் பக்கம் பதவியில இருக்குற அதிபர்னு யாரும் கிடையாது. நாற்காலி காலின்னா ஆளாளுக்கு கிளம்புவாங்க, அது எந்த ஊரா இருந்தாலும் அப்படித்தான். 2015ல ரிபப்ளிக்கன் கட்சியில 17 பேர் வந்தாங்க, 2019ல டெமாக்ரடிக் கட்சியில 25ஐயும் தாண்டிடுச்சு. இந்தக் கூட்டத்தை முதல் தடவை பார்க்குறவங்களுக்கு தலை சுத்தும், யாரைப் பார்க்கறது, எந்த நம்பரை நம்பறதுன்னே தெரியாது, டிவிக்காரங்க தினமும் "இவர் முன்னிலை, அவர் பின்னடைவு"ன்னு ஓட்டிட்டே இருப்பாங்க. அதுல மாட்டிக்காம பார்க்க ஒரு வழி இருக்கு, அதைத்தான் இங்க படிப்படியா எழுதறேன்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். கூட்டம் அதிகமா இருக்குற ப்ரைமரியில யாரு முந்துறாங்கங்கறதை விட யாரு விலகுறாங்க, எப்போ விலகுறாங்கங்கறதுதான் முக்கியம். 2016 ரிபப்ளிக்கன் ப்ரைமரியும் 2020 டெமாக்ரடிக் ப்ரைமரியும் ஆரம்பத்துல ஒரே மாதிரிதான் இருந்துச்சு, ஒரு பெரிய கூட்டம், கட்சித் தலைகளுக்குப் பிடிக்காத ஒருத்தர் கால்வாசி, மூணுல ஒரு பங்கு ஓட்டோட முதல்ல நிக்குறாரு, மத்தவங்க மிச்ச ஓட்டை பிரிச்சுக்கறாங்க. முடிவு மட்டும் நேர் எதிர். 2016ல ட்ரம்ப் ஜெயிச்சாரு, 2020ல பெர்னி சாண்டர்ஸ் தோத்தாரு. ஏன்னு புரிஞ்சுட்டா அடுத்து வரப்போற எந்த ப்ரைமரியையும் நீங்களே படிச்சுக்கலாம்.

முதல் படி: இது ஒரு தேர்தல் இல்லைன்னு மனசுல பதிய வைங்க

நம்ம ஊர்ல சீட்டு யாருக்குன்னு தலைமை முடிவு பண்ணும். அமெரிக்காவுல அப்படி ஒரு தலைமை கிடையாது. 1968 வரைக்கும் கட்சிப் பெரியவங்க கை ஓங்கித்தான் இருந்துச்சு, அந்த வருஷம் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு ப்ரைமரியில கூட போட்டியிடாம டெமாக்ரடிக் வேட்பாளர் ஆனாரு, சிகாகோ மாநாட்டுக்கு வெளிய பெரிய ரகளை, அதுக்கு அப்புறம்தான் விதிகளை மாத்தி முடிவை ஓட்டர்கள் கையில கொடுத்தாங்க. அதனால இன்னிக்கு "நீ நில்லு, நீ உக்காரு"ன்னு சொல்ல யாராலயும் முடியாது, பேப்பரும் ஃபீஸும் கட்டி, கொஞ்சம் பணம் திரட்டத் தெரிஞ்ச யாரு வேணா இறங்கலாம். கூட்டம் சேர்றதுக்கு மூல காரணம் இதுதான்.

அப்புறம், 50 மாநிலமும் கூடவே வாஷிங்டன் டிசியும் சில தீவுப் பகுதிகளும் வேற வேற தேதியில ஓட்டு போடும். ஜனவரி பிப்ரவரியில ஆரம்பிச்சு ஜூன் வரைக்கும் இழுக்கும். பல வருஷமா அயோவா முதல்ல, நியூ ஹாம்ப்ஷயர் ரெண்டாவது, அப்புறம் நெவாடா, சவுத் கரோலினா, மார்ச் ஆரம்பத்துல சூப்பர் டியூஸ்டேன்னு ஒரே நாள்ல பத்து பதினஞ்சு மாநிலம். 2024ல டெமாக்ரடிக் கட்சி அயோவாவை பின்னுக்குத் தள்ளி சவுத் கரோலினாவை முதல்ல வெச்சுடுச்சு, அதனால ஒவ்வொரு தடவையும் புது காலண்டரை ஒரு தடவை பார்த்துடுங்க, பழைய வரிசையை நம்பாதீங்க.

இப்படி ஒண்ணு விட்டு ஒண்ணு நடக்கறதாலதான் விலகல் முக்கியமாகுது. எல்லாரும் ஒரே நாள்ல ஓட்டு போட்டா விலக நேரமே இருக்காது. இங்க ஒவ்வொரு மாநிலம் முடிஞ்சதும் ஒரு ரவுண்டு ஆள் குறையும், மிச்சம் இருக்குறவங்களுக்கு அந்த ஓட்டு போகும், கணக்கு திரும்ப மாறும்.

ரெண்டாவது படி: ஓட்டு சதவீதத்தை விடுங்க, டெலிகேட் கணக்கைக் கத்துக்கோங்க

இதுக்கு கொஞ்சம் நேரம் எடுத்துக்கோங்க, மத்ததெல்லாம் இதுக்கு மேலதான் நிக்குது.

ப்ரைமரியில ஜெயிக்கறதுன்னா கட்சி வேட்பாளரை முடிவு பண்ற மாநாட்டுக்குப் போற டெலிகேட்டுகள்ல, அதாவது மாநிலப் பிரதிநிதிகள்ல, பாதிக்கு மேல வாங்கறது. 2016ல ரிபப்ளிக்கன் மொத்தம் 2,472, தேவை 1,237. 2020ல டெமாக்ரடிக் கட்சியில தேர்தல் மூலமா வர்ற டெலிகேட் 3,979, தேவை 1,991. ஓட்டு எப்படி டெலிகேட்டா மாறுதுங்கற விதி ரெண்டு கட்சியிலயும் வேற, கூட்டம் இருக்குறப்போ இந்த வித்தியாசம் தலையெழுத்தையே மாத்தும்.

டெமாக்ரடிக் கட்சியில எல்லா மாநிலத்துலயும் விகிதாசாரம்தான், ஆனா 15% தாண்டணும். தாண்டலைன்னா பூஜ்யம். 2020 நியூ ஹாம்ப்ஷயரை எடுத்துக்கோங்க, அங்க 24 டெலிகேட். சாண்டர்ஸ் கிட்டத்தட்ட 26%, பீட் பூடிஜெஜ் 24%, ஏமி க்ளோபுச்சார் 20%, எலிசபெத் வாரன் 9%, பைடன் 8%. டெலிகேட் எப்படிப் பிரிஞ்சுதுன்னா 9, 9, 6, பூஜ்யம், பூஜ்யம். அஞ்சாவது வந்த பைடனுக்கும் நாலாவது வந்த வாரனுக்கும் ஒண்ணு கூட இல்ல, கிட்டத்தட்ட 30% பேர் போட்ட ஓட்டுக்கு மாநாட்டுல குரலே இல்லாம போச்சு. இன்னொண்ணும் கவனிங்க, முதல்ல வந்தவருக்கும் ரெண்டாவது வந்தவருக்கும் அதே 9தான். அன்னிக்கு ராத்திரி டிவியில "சாண்டர்ஸ் வெற்றி"ன்னு போட்டது உண்மைதான், ஆனா கணக்குல அவர் ஒரு அடி கூட முன்னாடி போகல.

ரிபப்ளிக்கன் பக்கம் ஒவ்வொரு மாநிலக் கட்சியும் தன் விதியை தானே வெச்சுக்கும், மேல இருந்து சில வரம்பு மட்டும் உண்டு. அதே நியூ ஹாம்ப்ஷயர், 2016. ட்ரம்ப் 35%, ஜான் கேசிக் 16%, டெட் க்ரூஸ், ஜெப் புஷ், மார்கோ ரூபியோ மூணு பேரும் 10, 11ன்னு ஒட்டிக்கிட்டு நிக்குறாங்க. 10%க்குக் கீழ போனவங்களோட பங்கும் மிச்சமும் முதல்ல வந்தவருக்குப் போற மாதிரி விதி, அதனால 23ல 11 ட்ரம்புக்கு, அதாவது 35% ஓட்டுக்கு 48% டெலிகேட். இதுவாவது பரவாயில்ல. பதினொரு நாள் கழிச்சு சவுத் கரோலினா, அங்க மாநில அளவுல முதல்ல வந்தவருக்கு 29, ஏழு தொகுதியில ஒவ்வொண்ணுலயும் முதல்ல வந்தவருக்கு 3. ட்ரம்ப் 32.5%, ரூபியோவும் க்ரூஸும் தலா 22% சொச்சம். ஏழு தொகுதியும் ட்ரம்புக்கே. மொத்தம் 50க்கு 50! மூணுல ரெண்டு பேர் வேற யாருக்கோ ஓட்டு போட்ட மாநிலத்துல மத்த அஞ்சு பேருக்கும் சேர்த்து ஒரு டெலிகேட் கூட இல்ல.

நம்ம ஊர்ல "ஓட்டு பிரிஞ்சுடுச்சு"ன்னு சொல்றோமே, அதேதான் இது. ஆனா நம்ம ஊர்ல ஒரே நாள்ல முடிஞ்சுடும், அங்க அஞ்சு மாசம் திரும்பத் திரும்ப நடக்கும், ஒவ்வொரு தடவையும் முதல்ல இருக்குறவர் கையில டெலிகேட் சேர்ந்துட்டே போகும். ட்ரம்ப் ஏப்ரல் 19 அன்னிக்கு சொந்த மாநிலமான நியூயார்க் வர்ற வரைக்கும் எந்த மாநிலத்துலயும் 50% தொடல, கடைசியில மொத்த ஓட்டுல அவருக்கு வந்தது 45% கிட்ட, ஆனா அதுக்குள்ள யாராலயும் பிடிக்க முடியாத தூரத்துக்குப் போயிட்டாரு.

அதனால நீங்க செய்ய வேண்டியது: ஒவ்வொரு மாநிலத்துக்கும் மூணு விஷயம் குறிச்சு வெச்சுக்கோங்க. எத்தனை டெலிகேட், குறைஞ்சபட்ச வரம்பு எத்தனை சதவீதம், மிச்சம் யாருக்குப் போகும். ஒரு நோட்டுல எழுதினாலே போதும். இது கையில இருந்தா ரிசல்ட் வர்ற ராத்திரி டிவி என்ன சொன்னாலும் உங்களுக்கு உண்மை நிலவரம் தெரியும்.

மூணாவது படி: டிபேட் மேடைக்கு யாரை விடுறாங்கன்னு பாருங்க

ஓட்டு ஆரம்பிக்கறதுக்கு ஆறேழு மாசம் முன்னாடியே ஒரு வடிகட்டல் நடக்கும், அதுதான் டிபேட். 2015 ஆகஸ்ட் 6, கிளீவ்லேண்ட்ல முதல் ரிபப்ளிக்கன் டிபேட், 17 பேரை ஒரே மேடையில ஏத்த முடியாதுன்னு தேசிய கருத்துக்கணிப்பு சராசரியில முதல் 10 பேருக்கு ராத்திரி 9 மணி மேடை, மிச்சம் 7 பேருக்கு சாயங்காலம் 5 மணிக்கு தனியா ஒண்ணு. முதல் பந்தியில இடம் இல்லைன்னு தனியா உக்கார வெச்ச மாதிரி. பத்தாவது இடம் கேசிக்குக்குக் கிடைச்சுது, பதினொண்ணாவது வந்த டெக்சாஸ் முன்னாள் ஆளுநர் ரிக் பெர்ரிக்கு இல்ல. ராத்திரி மேடையை 2 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தாங்க, சாயங்காலத்தை 60 லட்சம் பேர். பெர்ரி அடுத்த மாசமே விலகிட்டாரு. இதுல எனக்கு இன்னமும் ஏத்துக்க முடியாத விஷயம் என்னன்னா, கருத்துக்கணிப்புல மூணு நாலு சதவீதம் பிழை இருக்கும்னு எடுக்குறவங்களே சொல்றாங்க, அப்படி இருக்கும்போது பத்தாவது ஆளுக்கும் பதினொண்ணாவது ஆளுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்துக்கு அர்த்தமே கிடையாது, அதை வெச்சு ஒருத்தரோட வாய்ப்பை முடிக்கறது நியாயமே இல்ல.

2019ல டெமாக்ரடிக் கட்சி இதைச் சரி பண்ணப் பார்த்துச்சு. மூணு கருத்துக்கணிப்புல 1% இருக்கணும், இல்லைன்னா 65,000 பேர் கிட்ட இருந்து சின்னதோ பெருசோ நன்கொடை வாங்கியிருக்கணும். ஜூன் 26, 27 மியாமியில 20 பேர், ராத்திரிக்கு 10 பேரா ரெண்டு ராத்திரி, யாரு எந்த ராத்திரின்னு குலுக்கல். நோக்கம் நல்லதுதான், ஆனா 10 பேர் ரெண்டு மணி நேரம் பேசினா என்ன மிஞ்சும்? ஆண்ட்ரூ யாங்குக்குக் கிடைச்சது மொத்தமே மூணு நிமிஷம் கிட்டத்தான். அந்த மேடையில கொள்கையை விளக்க முடியாது, ஒரு மோதல் உருவாக்கினாதான் மறுநாள் உங்க பேர் செய்தியில வரும். கமலா ஹாரிஸ் அந்த ராத்திரி பைடனை பழைய ஸ்கூல் பஸ் விவகாரத்துல (கறுப்பின, வெள்ளைப் பிள்ளைங்களை ஒரே ஸ்கூல்ல சேர்க்க பஸ்ல அனுப்புற திட்டத்தை அவர் எதிர்த்தது) நேருக்கு நேர் கேட்டாங்க, கருத்துக்கணிப்புல சட்டுனு ஏறினாங்க, மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்துல அவங்க தாத்தா ஊர்க்காரங்களுக்கு எல்லாம் அப்போதான் நம்பிக்கை வர ஆரம்பிச்ச நேரம். ஆனா ஏறின வேகத்துல இறங்கிட்டாங்க. கூட்டத்துல ஒரு நல்ல ராத்திரியால வர்ற ஆதரவு ஒட்டாது, பக்கத்துலயே இன்னும் பத்து பேர் இருக்கறதால ஓட்டர் அடுத்த வாரம் இன்னொருத்தரைப் பார்ப்பாங்க.

செப்டம்பர்ல வரம்பை 1,30,000 பேர், நாலு கருத்துக்கணிப்புல 2%ன்னு ஏத்தினாங்க, மேடை ஒரே ராத்திரி 10 பேரா சுருங்குச்சு. இந்த நன்கொடையாளர் எண்ணிக்கை விதி என்ன பண்ணும்னா, பணத்தை ஓட்டு சேர்க்கறதுக்கு செலவு பண்ணாம ஒரு டாலர் நன்கொடை தேடறதுக்கு செலவு பண்ண வைக்கும். 2023ல ரிபப்ளிக்கன் டிபேட்டுக்கு 40,000 நன்கொடையாளர் வேணும்னதும் டக் பர்கம் ஒரு டாலர் அனுப்பறவங்களுக்கு 20 டாலர் கிஃப்ட் கார்டு கொடுத்தாரு, மேடையிலயும் ஏறிட்டாரு. அந்த மில்வாக்கி மேடையில 8 பேர் நின்னாங்க, முதல்ல இருந்த ட்ரம்ப் வரவே இல்ல, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பையன் விவேக் ராமசாமி நடுவுல நின்னு எல்லார்கிட்டயும் அடி வாங்கிட்டு இருந்தாரு. முதல்ல இருக்குறவர் மேடைக்கே வரலைன்னா மத்தவங்க ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கறதைத் தவிர வேற வழி இல்ல, அதை அடுத்த படியில பார்ப்போம்.

நாலாவது படி: யாரு யாரை அடிக்கிறாங்கன்னு குறிச்சுக்கோங்க

புதுசா பார்க்குறவங்களுக்கு ரொம்ப வித்தியாசமா தெரியுற விஷயம் இது. முதல்ல இருக்குறவரை எல்லாரும் சேர்ந்து அடிப்பாங்கன்னு நினைப்போம். கூட்டம் அதிகமா இருந்தா அப்படி நடக்காது. ஒரே மாதிரி ஓட்டரைக் குறி வெக்குற ரெண்டு மூணு பேர் ஒருத்தரை ஒருத்தர் முடிக்கத்தான் பார்ப்பாங்க, ஏன்னா தன் லேன்ல, அதாவது ஒரே மாதிரி ஓட்டரைத் தேடுறவங்க வரிசையில, தான் மட்டும் மிஞ்சினா முதல்ல இருக்குறவரை அப்புறம் ஒத்தைக்கு ஒத்தையா பார்த்துக்கலாம்னு ஒவ்வொருத்தரும் கணக்கு போடுவாங்க. அது எல்லாருக்கும் தனித்தனியா புத்திசாலித்தனம், மொத்தமா சேர்த்துப் பார்த்தா தற்கொலை.

2016 பிப்ரவரி 6, நியூ ஹாம்ப்ஷயர் டிபேட். அயோவாவுல க்ரூஸ் 28%, ட்ரம்ப் 24%, ரூபியோ 23%ன்னு வந்து அஞ்சு நாள்தான் ஆச்சு, ரூபியோவுக்குக் காத்து அடிக்குது. நியூ ஜெர்சி ஆளுநர் க்ரிஸ் க்ரிஸ்டி அவரைப் பிடிச்சுக்கிட்டாரு, நீ மனப்பாடம் பண்ண வரியையே திரும்பத் திரும்ப சொல்றேன்னு மேடையில சொல்லச் சொல்ல ரூபியோ அதே வரியை திரும்பவும் சொன்னாரு. மூணு நாள்ல ரூபியோ அஞ்சாவது இடம். க்ரிஸ்டிக்கு அதுல என்ன லாபம்? 7% வாங்கி ஆறாவது வந்து மறுநாளே விலகினாரு, அந்த மாசம் முடியறதுக்குள்ள ட்ரம்பை ஆதரிச்சாரு. இன்னொரு பக்கம் ஜெப் புஷ்ஷோட சூப்பர் பேக் (வரம்பில்லாம நன்கொடை வாங்கி வேட்பாளருக்காக விளம்பரம் பண்ற தனி அமைப்பு), 10 கோடி டாலருக்கு மேல திரட்டினது, ரூபியோவுக்கு எதிரா விளம்பரத்துல பணத்தைக் கொட்டிக்கிட்டு இருந்துச்சு. புஷ்ஷும் சவுத் கரோலினாவோட போயிட்டாரு. இத்தனைக்கும் நடுவுல ட்ரம்ப் பெருசா அடி வாங்காமலே வந்தாரு.

அதனால விளம்பரத்தையும் டிபேட்டையும் பார்க்குறப்போ யாரு யாரைத் தாக்குறாங்கன்னு ஒரு சின்ன கட்டம் போட்டு வெச்சுக்கோங்க, யாரு யாரைப் பார்த்து பயப்படுறாங்கன்னு அதுல தெரிஞ்சுடும், எந்தக் கருத்துக்கணிப்பும் அதைச் சொல்லாது.

ஒரு எச்சரிக்கை மட்டும். லேன் கணக்கை ரொம்ப இறுக்கிப் பிடிக்காதீங்க. வாரனோட ஓட்டு முழுக்க சாண்டர்ஸுக்குப் போகும், க்ளோபுச்சார் ஓட்டு முழுக்க பைடனுக்குப் போகும்னு பேசறது எழுதறவங்களுக்கு வசதி, ஓட்டர் அப்படி யோசிக்கறது இல்ல. 2019 கருத்துக்கணிப்புகள்ல பைடன் ஆதரவாளர்கள்ல நிறைய பேரோட ரெண்டாவது சாய்ஸ் சாண்டர்ஸ்தான். பேர் தெரிஞ்சவர், வயசானவர், ஏற்கனவே நம்பினவர்னு எத்தனையோ காரணம் இருக்கும். கருத்துக்கணிப்புல "உங்க ரெண்டாவது விருப்பம் யாரு"ங்கற கேள்வியைத் தேடிப் படிங்க, முதல் பக்கத்துல போடுற நம்பரை விட அது உபயோகம்.

அஞ்சாவது படி: பணம் எப்போ தீருதுன்னு பாருங்க

யாரும் "எனக்கு ஆதரவு இல்ல"ன்னு விலகறது இல்ல, காசு தீர்ந்துதான் விலகுவாங்க. ஹாரிஸ் 2019 டிசம்பர் 3 விலகினப்போ வெளிப்படையாவே தொடர்றதுக்கு நிதி இல்லைன்னு சொன்னாங்க. விஸ்கான்சின் ஆளுநர் ஸ்காட் வாக்கர் 2015ல அயோவா கருத்துக்கணிப்புல முதல்ல இருந்தவர், பெரிய ஸ்டாஃப் வெச்சு செலவு கட்டுப்படியாகாம செப்டம்பர்லயே போயிட்டாரு, ஒரு ஓட்டு கூட விழறதுக்கு முன்னாடி.

வேட்பாளர்கள் தேர்தல் கமிஷன்ல மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு கொடுக்கணும், தேர்தல் வருஷத்துல பலர் மாசா மாசம் கொடுப்பாங்க, யாரு வேணா பார்க்கலாம். மொத்தம் எவ்வளவு திரட்டினாங்கன்னு பார்க்காதீங்க, கையில எவ்வளவு மிச்சம்னு பாருங்க, போன மூணு மாசம் எவ்வளவு செலவுன்னு பாருங்க. இந்த ரெண்டையும் வெச்சு யாரு எந்த மாநிலம் வரைக்கும் ஓடுவாங்கன்னு ஓரளவு சொல்லிடலாம். சூப்பர் பேக் வந்த பிறகு இதுல ஒரு மாற்றம் உண்டு, ஒரே ஒரு பணக்காரர் நினைச்சா விளம்பரம் ஓடிட்டே இருக்கும், அதனால முன்னாடி மாதிரி சீக்கிரம் விலக மாட்டேங்குறாங்க, கூட்டம் கலையறது தாமதமாகுது. சொந்தப் பணம் இருக்குறவங்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, 2020ல மைக் ப்ளூம்பெர்க் முதல் நாலு மாநிலத்தை விட்டுட்டு 50 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணி சூப்பர் டியூஸ்டேல ஜெயிச்சது அமெரிக்கன் சமோவான்னு ஒரு தீவை மட்டும்தான்.

ஆறாவது படி: அந்த மூணு நாளைக் கவனிங்க

2020ல நடந்ததை கொஞ்சம் மெதுவா பார்ப்போம். பைடன் அயோவாவுல நாலாவது, நியூ ஹாம்ப்ஷயர்ல அஞ்சாவது, நெவாடாவுல சாண்டர்ஸுக்கு ரொம்பத் தூரத்துல ரெண்டாவது. எழுதறவங்க பாதிப் பேர் அவரை முடிச்சுட்டாங்க. பிப்ரவரி 26 அன்னிக்கு சவுத் கரோலினாவோட கறுப்பின மக்கள் மத்தியில பெரிய மரியாதை இருக்குற ஜிம் க்ளைபர்ன் பைடனை ஆதரிச்சாரு. 29ஆம் தேதி சனிக்கிழமை அங்க பைடன் 48%, சாண்டர்ஸ் 20%. 1988லயும் 2008லயும் நின்னு தோத்த அந்த மனுஷன் அதிபர் ப்ரைமரியில ஜெயிச்ச முதல் மாநிலமே அதுதான்.

அன்னிக்கு ராத்திரியே டாம் ஸ்டையர் விலகினாரு. ஞாயித்துக்கிழமை பூடிஜெஜ் விலகினாரு, அயோவாவுல அதிக டெலிகேட் வாங்கின ஆள் அவரு, நாலே வாரத்துல. திங்கக்கிழமை க்ளோபுச்சார். அன்னிக்கு டாலஸ்ல ரெண்டு பேரும் பைடனை ஆதரிச்சாங்க, கூட டெக்சாஸ்காரர் பீட்டோ ஓரூர்க்கும். செவ்வாய்க்கிழமை சூப்பர் டியூஸ்டே, மொத்த டெலிகேட்ல மூணுல ஒரு பங்கு அன்னிக்கு ஒரே நாள்ல. 14 மாநிலத்துல 10 பைடனுக்கு. க்ளோபுச்சாரோட சொந்த மாநிலம் மினசோட்டா, பைடன் அங்க பிரச்சாரமே பெருசா பண்ணலை, ஜெயிச்சாரு. வாரனோட மாசசூசெட்ஸ்லயும் மூணுல ஒரு பங்கு ஓட்டுல ஜெயிச்சாரு, வாரன் மூணாவது. டெக்சாஸ்ல 35%க்கு 30%ன்னு சாண்டர்ஸைத் தாண்டினாரு.

இந்தப் பக்கம் சாண்டர்ஸ் நிலைமை என்ன? அவர் மாதிரியே தாராளவாத ஓட்டைத் தேடின வாரன் அன்னிக்கு களத்துல இருந்தாங்க, மார்ச் 5தான் விலகினாங்க. அதாவது ஒரு பக்கம் கூட்டம் கலைஞ்சுடுச்சு, இன்னொரு பக்கம் கலையல. இதே 2016ல கேசிக்கை யோசிச்சுப் பாருங்க, சொந்த மாநிலம் ஒஹையோ ஒண்ணை மட்டும் ஜெயிச்சுட்டு மே 4 வரைக்கும் நின்னாரு. ரூபியோ ஃப்ளோரிடா வரைக்கும் நின்னாரு, அங்க முதல்ல வந்தவருக்கே 99 டெலிகேட்டும், ட்ரம்ப் எடுத்துட்டுப் போயிட்டாரு. ஏப்ரல் கடைசியில க்ரூஸும் கேசிக்கும் "இந்தியானாவை நீ பாரு, ஆரிகனையும் நியூ மெக்சிகோவையும் நான் பார்க்குறேன்"ன்னு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, ரெண்டு நாள்லயே அது ஆட்டம் கண்டுடுச்சு, ஓட்டர்கிட்ட அதை எடுத்துச் சொல்ல நேரமும் இல்ல மனசும் இல்ல. மே 3 இந்தியானாவுல தோத்து க்ரூஸ் விலகினாரு.

கூட்டம் இல்லாம இருந்திருந்தா ட்ரம்ப் தோத்திருப்பாருன்னு நான் சொல்ல மாட்டேன். க்ரூஸோட ஓட்டர்கள்ல நிறைய பேர் ரூபியோவை விட ட்ரம்புக்கு நெருக்கமானவங்க. ஆனா 32%க்கு 50 டெலிகேட்டுங்கறது கூட்டம் கொடுத்த பரிசு, அதுல சந்தேகமே இல்ல.

அதனால காலண்டர்ல முதல் நாலு மாநிலத்துக்கும் சூப்பர் டியூஸ்டேக்கும் நடுவுல இருக்குற அந்தச் சில நாளை வட்டம் போட்டு வைங்க. யாரு விலகினாங்க, யாரை ஆதரிச்சாங்க, விலகினது ஓட்டுக்கு முன்னாடியா பின்னாடியா. ஆதரவு தர்றதுக்கு பொதுவா பெரிய மதிப்பு கிடையாது, கூட்டத்துல "எல்லாரும் இவர் பின்னாடி வர்றாங்க"ன்னு ஓட்டருக்கு ஒரு சிக்னல் கிடைக்கறப்போ மட்டும் அது தங்கம்.

காகஸ் பத்தி ரெண்டு வரி

சில மாநிலத்துல ஓட்டுப் பெட்டி இல்லாம காகஸ்னு கூட்டம் நடக்கும். 2020 அயோவா டெமாக்ரடிக் காகஸ் எப்படின்னா, ஒரு ஸ்கூல் ஜிம்முல ஊர்க்காரங்க எல்லாம் கூடுவாங்க, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை, யாருக்கு ஆதரவோ அந்த மூலையில போய் நிக்கணும். எண்ணிப் பார்த்து 15% தேறாத மூலைக்காரங்க கலைஞ்சு வேற மூலைக்குப் போகலாம், அப்போ பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்க்குறவர் எல்லாம் "இங்க வாங்க, இங்க வாங்க"ன்னு கூப்பிடுவாங்க. கூட்டத்துல ரெண்டாவது சாய்ஸுக்கு என்ன மதிப்புன்னு கண்ணால பார்க்கணும்னா அந்த வீடியோக்களைத் தேடிப் பாருங்க. அந்த வருஷம் ரிசல்ட் அனுப்புற ஆப் சொதப்பி நாள் கணக்குல முடிவு வராம போனது வேற கதை.

அயோவா மாதிரி முதல் மாநிலத்தோட மகிமையே கூட்டத்தாலதான் வந்துச்சு. 1976ல அங்க முதல் இடம் "யாருக்கும் முடிவு பண்ணல"ங்கற பிரிவுக்கு, 37%. ஜிம்மி கார்ட்டருக்கு 28% கிட்ட. ஆனா மத்த வேட்பாளர்கள் எல்லாம் அவருக்குக் கீழ, அதனால செய்தி முழுக்க கார்ட்டர். அடுத்து நியூ ஹாம்ப்ஷயர்ல தாராளவாத ஓட்டை மோரிஸ் யுடால், பேர்ச் பை, ஃப்ரெட் ஹாரிஸ், சார்ஜன்ட் ஷ்ரைவர்னு நாலு பேர் பிரிச்சாங்க, கார்ட்டர் 28%ல முதல் இடம். வெளியூர்ல யாருக்கும் பேர் தெரியாத ஜார்ஜியா முன்னாள் ஆளுநர் அந்த வருஷமே அதிபர் தேர்தல்ல ஜெயிச்சுட்டாரு.

கடைசிப் படி: நீங்க அங்க இருக்கீங்கன்னா

அமெரிக்காவுல இருக்குற நம்ம ஆளுங்களுக்கு இது. சிட்டிசனா இருந்தா மட்டும்தான் ஓட்டு. க்ரீன் கார்டு இருக்குறவங்க தெரியாம கூட ரெஜிஸ்டர் பண்ணிடாதீங்க, டிஎம்வியில லைசென்ஸ் எடுக்குறப்போ ஃபார்ம்ல அந்தக் கட்டத்தை டிக் பண்ணி அப்புறம் குடியுரிமை விண்ணப்பத்துல மாட்டிக்கிட்டவங்க உண்டு. ஆனா க்ரீன் கார்டு இருந்தா வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கலாம், ஹெச்1பி விசாவுல இருந்தா அதுவும் கூடாது. கூட்டமான ப்ரைமரியில ஒரு டாலர் நன்கொடையே ஒருத்தரை மேடை ஏத்தும்னு பார்த்தோம் இல்ல, அதனால இது சின்ன விஷயம் இல்ல.

ஓட்டு இருக்குறவங்க முதல்ல உங்க மாநிலம் எந்த வகைன்னு பாருங்க. சவுத் கரோலினாவுல கட்சிப் பதிவே கிடையாது, எந்தக் கட்சி ப்ரைமரியிலயும் போடலாம், ஒண்ணுல மட்டும். நியூயார்க்ல அந்தக் கட்சியில பதிவு பண்ணினவங்க மட்டும்தான், அதுவும் பல வாரம் முன்னாடியே மாத்தியிருக்கணும். 2016ல இந்தத் தேதியை விட்டதால ட்ரம்ப்போட பிள்ளைங்க இவாங்காவும் எரிக்கும் சொந்த அப்பாவுக்கே நியூயார்க் ப்ரைமரியில ஓட்டு போட முடியல.

ரெண்டாவது, கூட்டமா இருக்குறப்போ தபால் ஓட்டை அவசரப்பட்டு அனுப்பாதீங்க. 2020 கலிஃபோர்னியாவுல பூடிஜெஜ் விலகின பிறகும் அவர் பேர்ல 2 லட்சத்துக்கும் மேல ஓட்டு எண்ணப்பட்டுச்சு, பெரும்பாலும் முன்கூட்டியே போட்டது, ஒண்ணுக்கும் உதவல. பெரும்பாலான மாநிலத்துல அனுப்பின ஓட்டைத் திரும்ப வாங்க முடியாது. உங்க மாநிலம் சூப்பர் டியூஸ்டேல இருந்தா அதுக்கு முன்னாடி கடைசியா ஓட்டு போடுற மாநிலத்தோட (2020ல அது சவுத் கரோலினா) ரிசல்ட் வர்ற வரைக்கும் கவரை மேசை மேலயே வெச்சுட்டு, அப்புறம் உங்க ஊர்ல டிராப் பாக்ஸ் இருந்தா நேர்ல கொண்டு போய் அதுல போடுங்க, கடைசி நேரத்துல தபாலை நம்ப வேண்டாம்.

மூணாவது, உங்க மாநிலத்துல வரிசைப்படுத்தி ஓட்டு போடுற முறை இருக்கான்னு கேளுங்க. 2020ல அலாஸ்கா, ஹவாய், கான்சஸ், வயோமிங் டெமாக்ரடிக் ப்ரைமரிகள்லயும், 2024ல மெயின்லயும் இருந்துச்சு. முதல் விருப்பம், ரெண்டாவது, மூணாவதுன்னு எழுதலாம், உங்க ஆள் வரம்பைத் தாண்டலைன்னா ஓட்டு அடுத்த பேருக்குப் போகும், வீணாகாது. கூட்டத்துக்கு இதை விட நேர்மையான மருந்து எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல, ஒவ்வொரு மாநிலமும் இதுக்கு வரணும்னு நான் மனசார நினைக்கிறேன். அப்படி இருந்தா எல்லாக் கட்டத்தையும் நிரப்புங்க, ஒரே பேரை எழுதிட்டு விட்டுடாதீங்க. இல்லாத மாநிலத்துல நீங்களே வீட்டுல ஒரு பேப்பர்ல மூணு பேரை வரிசையா எழுதி வெச்சுக்கோங்க, ஓட்டு நாளுக்கு முந்தின ராத்திரி யாரு இன்னும் களத்துல இருக்காங்க, அதுல யாரு 15% தாண்டற நிலையில இருக்காங்கன்னு பார்த்துட்டு அந்த வரிசைப்படி போடுங்க.